எலிஃபன்ட் பீச்சுக்கு நடந்து போவதா, படகில் போவதா?

ஜனவரி கடைசியில் குடும்பத்தோடு அந்தமான் போகிறீர்கள், ஹேவ்லாக் தீவில் இரண்டு நாள் தங்குகிறீர்கள். எலிஃபன்ட் பீச்சுக்குப் படகில் போவதா, வழிகாட்டியோடு காட்டுக்குள் நடந்து போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கணவர், பத்து வயது மகன், மூட்டு வலியுள்ள அறுபத்திரண்டு வயது அம்மா உடன் வருகிறார்கள். யாருக்கும் நீச்சல் தெரியாது. பயண ஏற்பாட்டாளரோ, "நடப்பது வீண் அலைச்சல், படகில் இருபதே நிமிடம்" என்கிறாராம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களும் மகனும் வழிகாட்டியோடு நடந்து போங்கள். அம்மாவும் கணவரும் படகில் வரட்டும். திரும்பும்போது நால்வரும் படகில் வாருங்கள். போகும்போது காடு, வரும்போது கடல் என்று நான் பிரிப்பதற்குக் காரணம் கடலின் ஏற்றமும் வற்றமும்தான். அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

நான் போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்தவன். தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. அந்தப் பாதையில் எத்தனை முறை நடந்தேன் என்று கணக்கு வைத்துக்கொண்டதில்லை. டிக்கெட் எடுக்கும்போது குழம்பாமலிருக்க ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஹேவ்லாக்கின் அரசுப் பெயர் 2018 டிசம்பரிலிருந்து ஸ்வராஜ் த்வீப். போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்கள்தான் இருக்கின்றன, இங்கே நானும் அப்படியே எழுதுகிறேன்.

படகுத்துறையிலிருந்து ராதாநகர் கடற்கரைக்குப் போகும் சாலையில் பாதி வழிக்கு மேல் போனதும், வலது பக்கம் காட்டுக்குள் ஒரு பாதை பிரியும். அங்கிருந்து கடற்கரை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். வேகமாக நடந்தால் முக்கால் மணி நேரம். நீங்கள் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பாதையின் முதல் பகுதி மேடும் இறக்கமுமான காடு. நடுவில் சமதளம். கடைசியில் அலையாத்திக் காட்டின் சேறு, அதைத் தாண்டினால் மணல். இந்தக் கடைசிப் பகுதிதான் உங்கள் நாளை நல்ல நாளாக்கும் அல்லது கெடுக்கும்.

கடல் வற்றியிருக்கும்போது அலையாத்திக் காட்டில் கணுக்கால் அளவு சேறுதான் இருக்கும். வேர்களுக்கு இடையே கால் வைத்து நிதானமாகக் கடக்கலாம். ஏற்றத்தின்போது அதே இடத்தில் இடுப்பளவு நீர் நிற்கும், கீழே வேர் எது, குழி எது என்று தெரியாது. ஆனால் கடலில் முகம் புதைத்துப் பவளம் பார்ப்பதற்கு ஏற்றம்தான் வேண்டும். வற்றத்தில் பவளத்துக்கு மேல் நீர் முழங்கால் ஆழம்கூட இருக்காது. மிதப்பவரின் வயிறும் முழங்காலும் பவளத்தில் உரசும், பவளம் உடையும், உங்களுக்கும் கீறல் விழும். ஆகவே வற்றத்தில் அலையாத்தியைக் கடந்து கடற்கரைக்கு வந்து சேருங்கள். நீர் ஏறத் தொடங்கியதும் கடலில் இறங்குங்கள். முடிந்து வெளியே வரும்போது அலையாத்தி வழி மூழ்கியிருக்கும், அப்போது படகில் திரும்புங்கள். இந்த வரிசையைப் பயண ஏற்பாட்டாளர்கள் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்குக் கடிகாரம்தான் கணக்கு.

ஏற்றமும் வற்றமும் நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே "காலை எட்டு மணிக்குக் கிளம்புங்கள்" என்று பொதுவாகச் சொல்ல முடியாது. வீட்டு நாள்காட்டியில் திதியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும், நீரோட்டமும் வலுவாக இருக்கும். அஷ்டமி, நவமி, தசமி நாள்களில் வித்தியாசம் குறைவு, கடல் சற்று அடங்கியிருக்கும். நம் வீடுகளில் அஷ்டமி நவமியில் எதையும் தொடங்க மாட்டார்கள். நீச்சல் தெரியாதவர்கள் முதன்முறை கடலில் மிதப்பதற்கு அவைதான் நல்ல நாள்கள். ஹேவ்லாக் வழிகாட்டிகளில் பெரும்பாலானோர் வங்காளிகள். 1950களில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ஏற்றத்தை ஜோயார் என்பார்கள், வற்றத்தை பாட்டா என்பார்கள். முதல் நாள் மாலையே வழிகாட்டியைப் பார்த்து, "நாளை பாட்டா எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். யோசிக்காமல் பதில் சொல்பவரை அமர்த்துங்கள். செல்பேசியைத் தேடி எடுத்துப் பார்த்துச் சொல்பவர் என்றால் இன்னொருவரைப் பாருங்கள்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை சென்னையிலிருந்து வந்த உறவினர்களை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அழைத்துப் போனேன். இந்நேரத்தில் போக வேண்டாம் என்று வழிகாட்டி ஒருவர் சொன்னார். எனக்குத் தெரியாத பாதையா என்று அவர் இல்லாமலே நான்தான் கிளம்பினேன். திரும்பும்போது அலையாத்திக்குள் நீர் இடுப்புக்கு வந்துவிட்டது. சித்தப்பாவின் பேத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு காலால் துழாவித் துழாவி நடந்தோம். என் தங்கையின் பாதத்தை வேர் கிழித்தது. வெளியே வருவதற்குள் காட்டுக்குள் இருட்டிவிட்டது. அந்தமானில் ஜனவரி மாதம் மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். நம் ஊர்க் கடிகாரம்தான், ஆனால் தீவு வெகு கிழக்கே இருக்கிறது. மரங்களுக்குக் கீழே நாலரைக்கே எழுத்துத் தெரியாது. அன்று அந்தக் குழந்தை என் தலைமுடியைப் பிடித்திருந்த இறுக்கம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நான் வழிகாட்டி இல்லாமல் போனதில்லை.

இனி காடு. உள்ளே நுழைந்ததும் முதலில் தெரிவது ஓசை. பச்சைப் பெரும்புறா அடித்தொண்டையில் முழங்கும், யாரோ வெற்றுப் பானையில் வாய் வைத்து ஊதுவது போல இருக்கும். துடுப்புவால் கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிப் பார்க்கும். அதிர்ஷ்டம் இருந்தால் அந்தமான் மரங்கொத்தியைப் பார்க்கலாம். உடம்பெல்லாம் கருப்பு, தலையில் சிவப்புக் கொண்டை. உலகத்தில் இந்தத் தீவுக் கூட்டத்தைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை. மகனிடம் இதைச் சொல்லி வையுங்கள், கொத்தும் ஓசை கேட்டதும் அவனே நின்றுவிடுவான்.

மரங்களில் படாக்கைக் காட்டச் சொல்லுங்கள். நம் வேங்கைக்கும் செஞ்சந்தனத்துக்கும் நெருங்கிய உறவு, ஒரே பேரினம். அடிமரத்திலிருந்து பலகை பலகையாக வேர்கள் விரிந்திருக்கும். அவற்றின் இடுக்கில் உங்கள் மகன் நின்றால் தலை மட்டும்தான் தெரியும். மண் ஆழமில்லாத, புயலடிக்கும் தீவில் அவ்வளவு உயர மரம் விழாமல் நிற்க அந்தப் பலகைகள்தான் முட்டு. அருகிலேயே கர்ஜன் மரம் கிளையே இல்லாமல் நேராக எழுந்திருக்கும், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். பாதையோரத்தில் கையைத் தொங்கவிட்டு நடக்காதீர்கள். பிரம்புக் கொடியின் கொக்கி முள் சட்டையைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் துணி கிழியும், ஒரு எட்டு பின்வாங்கினால் தானாக விடும்.

பயப்படும்படியான பெரிய காட்டு மிருகம் எதுவும் இந்தக் காட்டில் இல்லை. புலி, சிறுத்தை அந்தமானில் இயற்கையாக வாழும் விலங்குகள் அல்ல. நச்சுப் பாம்புகள் உண்டு. அதனால்தான் வழிகாட்டி முன்னால், மகன் நடுவில், நீங்கள் பின்னால் என்ற வரிசை.

பாதையில் ஒரு சிறிய உயிரினத்துக்காகக் காத்திருக்கச் சொல்வேன். அந்தமான் பகல்பல்லி. நம் வீட்டுப் பல்லி இரவில் வெளிறிய உடம்போடு விளக்கடியில் அலையும். இது பகலில் உலவும், இளந்தளிரின் பச்சை, முதுகில் குங்குமம் தெளித்தாற்போலச் சிவப்புப் புள்ளிகள். தாழை ஓலையில் வெயில் விழும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். அசையாமல் இரண்டு நிமிடம் நின்றால் ஓலையின் மறுபக்கத்திலிருந்து தலையை நீட்டும், உங்களைப் பார்க்கும், நாக்கால் தன் கண்ணைத் தானே துடைத்துக்கொள்ளும். இமை இல்லாத கண் அது. நான் அழைத்துப்போன பிள்ளைகளில் பலர் வீடு திரும்பியபின் கடலைப் பற்றிக்கூடச் சொல்லாமல் முதலில் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

கடற்கரையின் பெயரைப் பற்றி மகன் கட்டாயம் கேட்பான். யானை அந்தமானில் இயற்கையாக வாழ்ந்த விலங்கு அல்ல. மரம் வெட்டும் தொழிலுக்காகக் கப்பலில் கொண்டுவந்தார்கள். வெட்டிய மரத்தைக் காட்டிலிருந்து கரைக்கு இழுத்து வருவது அவற்றின் வேலை. தீவுக்குத் தீவு கடலில் நீந்தவைத்தும் கொண்டுபோனார்கள். அப்படி நீந்தப் பழகிய ராஜன் என்ற யானை ஹேவ்லாக்கில் முதுமை வரை வாழ்ந்து 2016இல் இறந்தது. கடலில் அது நீந்தும் படங்களை உலகமே பார்த்தது. 2002இல் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியபின் யானைகளின் வேலை ஏறக்குறைய முடிந்துபோனது. நீங்கள் நடக்கும் காட்டில் ஒருகாலத்தில் மரம் இழுத்த தடங்கள் இருந்தன என்பதை நினைத்துக்கொண்டு நடந்தால், அந்தப் பெரிய படாக் எப்படித் தப்பியது என்ற கேள்வி வரும். எனக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது.

காடு முடிகிற இடத்தில் காற்று மாறும், சேற்றின் மணம் வரும். பிச்சாவரம் பார்த்திருப்பீர்கள். அதே சுரபுன்னைதான், அதே முட்டுவேர்கள்தான், ஆனால் இங்கே படகிலிருந்து பார்க்காமல் உள்ளே இறங்கி நடக்கிறீர்கள். சேற்றில் துள்ளும் சிறு மீன்களைக் காட்டுங்கள். துடுப்பையே காலாக ஊன்றி நீருக்கு வெளியே நடக்கும் மீன்கள் அவை. பின்பட்டை உள்ள செருப்பு போடுங்கள். சாதாரணச் செருப்பைச் சேறு விழுங்கிவிடும், வெறுங்கால் கூடாது. அந்தமானின் அலையாத்தி ஓடைகளில் முதலைகள் உண்டு. 2010இல் ஹேவ்லாக்கிலேயே கடலில் ஒரு வெளிநாட்டுப் பயணி முதலையால் இறந்தார். எச்சரிக்கைப் பலகை இருக்கும் ஓடைப் பக்கம் மகன் விளையாடப் போகக் கூடாது. வழிகாட்டி இன்று இறங்க வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காமல் நின்றுவிடுங்கள்.

அலையாத்தியைத் தாண்டிக் கரைக்கு வந்தால் நரைத்த மரக்கட்டைகள் சாய்ந்தும் நின்றும் கிடக்கும். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் பகுதியில் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. வடக்கே சில இடங்களில் நிலம் உயர்ந்து பவளப்பாறைகள் வெளியே வந்து காய்ந்தன. கடல் நீர் வேருக்கு ஏறிய கரையோர மரங்கள் நின்ற இடத்திலேயே மடிந்தன. பிள்ளைகள் அந்தக் கட்டைகளில் ஏறிப் படம் எடுப்பார்கள். எடுக்கட்டும். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த நாள் நினைவுக்கு வரும்.

அம்மாவும் கணவரும் அதற்குள் படகில் வந்திருப்பார்கள். சற்று ஓய்வெடுங்கள், தண்ணீர் குடியுங்கள், வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள்.

நீச்சல் தெரியாதவர்கள் ஸ்நார்கெல் செய்யலாமா, அதாவது மூச்சுக்குழாயை வாயில் வைத்து, முகத்தை நீரில் புதைத்து மிதந்தபடி பவளம் பார்க்கலாமா? செய்யலாம். இது நீந்துகிற வேலை இல்லை, மிதக்கிற வேலை. லைஃப் ஜாக்கெட் உங்களைத் தாங்கும், ரப்பர் வளையத்தைப் பிடித்தபடி வழிகாட்டி இழுத்துப் போவார். நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது வாயால் மூச்சு விடுவது ஒன்றுதான். கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி ஒன்று தருவார்கள். அதை வாரில்லாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உறிஞ்சிப் பாருங்கள். கையை எடுத்தும் முகத்தில் ஒட்டி நின்றால் அது உங்கள் அளவு. விழுந்தால் வேறு கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். ஒரு முடி இடையில் சிக்கினாலும் நீர் புகும். உங்கள் கணவருக்கு மீசை அடர்த்தி என்றால் உதட்டுக்கு மேல் கொஞ்சம் வாஸலின் தடவிக்கொள்ளட்டும். முகம் முழுவதையும் மூடும் புதுவகைக் கண்ணாடியைத் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். விட்ட மூச்சு முழுதாக வெளியேறாமல் உள்ளேயே சுற்றும் ஆபத்து அதில் உண்டு.

பிறகு இடுப்பளவு நீரில் மணலில் நின்றபடி முகத்தை மட்டும் நீரில் வைத்து ஐம்பது மூச்சு விடுங்கள். முதல் பத்தில் நெஞ்சு படபடக்கும். இருபதுக்குப் பிறகு அடங்கும். ஐம்பது முடிந்தபின்தான் வளையத்தைப் பிடிக்க வேண்டும். அவசரப்படுத்தும் வழிகாட்டியிடம் இதை உறுதியாகச் சொல்லுங்கள். குழாய்க்குள் நீர் வந்தால் 'தூ' என்று பலமாக ஊதினால் வெளியேறிவிடும். இதை மகனிடம் கரையிலேயே நான்கு முறை செய்துகாட்டச் சொல்லுங்கள்.

ஒன்றை உள்ளபடியே சொல்ல வேண்டும். கரையை ஒட்டிய பவளத்தில் பெரும்பகுதி இறந்துபோனது. விளம்பரப் படத்தில் இருப்பதை எதிர்பார்த்துப் போனால் முதல் ஐந்து நிமிடம் ஏமாற்றமாக இருக்கும். பவளம் என்பது கல் அல்ல, கல்லைக் கட்டிக்கொண்டு வாழும் நுண்ணிய உயிர்களின் கூட்டம். அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் ஒற்றைச்செல் பாசிகள் வெயிலில் உணவு சமைத்துக் கொடுக்கின்றன. நிறமும் அவற்றால் வருவதுதான். கடல் நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நீடித்தாலே பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடும், வெளுத்து நிற்கும், வெப்பம் குறையாவிட்டால் பட்டினியில் சாகும். அந்தமானில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் அப்படிப் பெரிய அளவில் வெளுத்தது. 2010 கோடையில் நான் இறங்கியபோது கீழே எல்லாமே சுண்ணாம்பு அடித்தது போல இருந்தது. மீன்கள் மட்டும் நிறத்தோடு திரிந்தன. வெளுத்ததில் தப்பியவற்றை மிதித்து உடைத்தவர்கள் நாம்தான். களைத்ததும் காலை ஊன்றுகிறோம், கால் படும் இடம் பவளம். ஆகவே களைத்தால் மல்லாந்து மிதக்கவும், நிற்க வேண்டாம்.

வழிகாட்டியிடம் சற்றுத் தள்ளி, சரிவு தொடங்கும் இடத்துக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள். உயிருள்ள பவளம் அங்கே இருக்கிறது. போனதும் காலை ஆட்டாமல் ஒரே இடத்தில் மிதந்துகொண்டிருங்கள். முதலில் ஒலிதான் கேட்கும், மொறுமொறுவென்று கல்லை மெல்லுவது போல. அது கிளிமீன். கிளிக்கு இருப்பது போன்ற அலகால் பாறையைச் சுரண்டிப் பாசியைத் தின்கிறது. விழுங்கிய சுண்ணாம்பைப் பொடியாக்கிப் பின்னால் வெண்ணிறத் தூளாக விட்டுக்கொண்டே போகும். நீங்கள் நடந்து வந்த வெண்மணலில் ஒரு பங்கு அப்படி வந்தது. பூவைப் போலிருக்கும் கடல் சாமந்தி என்ற உயிரினத்தின் விரல்களுக்குள் கோமாளி மீன் புகுந்து புகுந்து வெளிவரும். ஒரு சாமந்தியில் இருப்பவற்றில் ஆகப் பெரியதுதான் பெண், அது இறந்தால் அடுத்த ஆண் பெண்ணாக மாறும். பாறையில் புதைந்தாற்போல ராட்சதச் சிப்பி வாய் திறந்திருக்கும், உதடு மயில்கழுத்து நீலம். உங்கள் நிழல் பட்டதும் சட்டென்று மூடும். அதைக் கையால் மூடவைத்து வேடிக்கை காட்டும் வழிகாட்டிகள் சிலர் உண்டு. வேண்டாம் என்று சொல்லுங்கள். மீனுக்கு ரொட்டி போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

கறுத்த நீண்ட முட்களோடு உருண்டையாகக் கிடக்கும் கடல் முள்ளெலியைத் தொடக் கூடாது, முள் தோலுக்குள் முறிந்துவிடும். பொதுவாகக் கடலுக்குள் எதையுமே தொடாதீர்கள். சன்ஸ்க்ரீனைப் பூசிக்கொண்டு இறங்குவதைவிட முழுக்கைச் சட்டை அணியுங்கள், முதுகு வெந்துபோகாது, கடலுக்கும் கேடில்லை. கரையில் கிடக்கும் பவளத் துண்டை, அது செத்ததே ஆனாலும், பையில் போட வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளத்துக்குப் புலிக்குரிய முதல் அட்டவணைப் பாதுகாப்பு உண்டு, விமான நிலையத்தில் பையைச் சோதிப்பார்கள். காலிச் சங்கும் வேண்டாம். துறவி நண்டு வளரும்போது மாற்றிக்கொள்ள அதற்கு அதுதான் வீடு.

அம்மா விஷயம். இரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கடலில் முகம் வைக்க வேண்டாம். முதன்முறை மூச்சுக்குழாய் வாயில் வைக்கும்போது வரும் பதற்றம் இளவயதினரையே உலுக்கிவிடும். அப்படி எதுவும் இல்லையென்றால், வளையத்துக்குள் உட்காரவைத்து மார்பளவு நீர் வரை வழிகாட்டி இழுத்துப் போகலாம். மூட்டு வலிக்குக் கடல் நீர் சுகம்தான். அதுவும் வேண்டாம் என்றால் மர நிழலில் உட்காரட்டும், துறவி நண்டுகள் காலடியில் ஊர்வதைப் பார்த்தாலே பொழுது போகும். மணல் ஈ கடிக்காமலிருக்கக் கை கால்களில் தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள். அந்தக் கடி நான்கு நாள் அரிக்கும்.

படகில் அம்மாவுக்கும் கணவருக்கும் இருக்கை பதியும்போதே, திரும்பும் வழிக்கு நான்கு பேர் என்று சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். கரையில் நின்று கேட்டால் இடம் கிடைக்காது. வழிகாட்டிக்குத் தர ரொக்கம் வைத்திருங்கள். பயணத் தேதி உறுதியானதும் இங்கேயே எழுதுங்கள். அன்றைய வற்றம் எத்தனை மணிக்கு என்று பார்த்து, நீங்கள் எப்போது காட்டுக்குள் கால் வைக்க வேண்டும் என்று சொல்கிறேன்.